சித்தி நபீஸா வாசித்த சிலேட்டு

காத்தான்குடியில் வாவிப் பக்கமாக இருந்த தறித் தெருவில் சித்தி நபீஸாவுக்கு ஒரு பெயர் இருந்தது, பொய் சொல்லத் தெரியாதவள் என்று. இதைப் பெருமையாகச் சொன்னவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் அலுத்துக்கொண்டு சொன்னார்கள். கிணற்றுக் கயிற்றை அறுத்தது யார், பக்கத்து வீட்டு முருங்கையில் கை வைத்தது யார் என்று கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அது சொந்த உம்மாவாக இருந்தாலும் சொல்லிவிடுவாள். தெருவில் இரண்டு பெண்களுக்குள் வாய்த்தகராறு வந்தால், நபீஸாவைக் கூப்பிடு என்ற உடனேயே பாதித் தகராறு அடங்கிவிடும். அப்படிப்பட்ட பெயர் அவளுடைய இருபத்தோராவது வயதில், ஒரே ஒரு சொல்லில், நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கப் போனது. போன விதத்தைச் சொல்லுமுன் அது வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

தறித் தெருவில் விடிந்தால் வாய்க்கு வேலையில்லை. வீட்டுக்கு இரண்டு, மூன்று தறி. தறி முதலாளி மர்சூக்கின் கொட்டிலில் மட்டும் ஆறு. நாடா ஓடுகிற சத்தமும் பலகை அடிக்கிற சத்தமும் சேர்ந்து எழும்பினால் பக்கத்தில் இருப்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்தத் தெருப் பெண்கள் கையால் பேசினார்கள். பல்லைத் தொட்டால் வெள்ளை நூல், தலைமயிரைத் தொட்டால் கறுப்பு. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரத்தில் நெசவு பிழைத்து, அதைத் திருப்பி அனுப்புவதென்றால் நெஞ்சிலிருந்து புறங்கையால் ஒரு தள்ளு: இது வேண்டாம், எடுத்துக்கொண்டு போ. நூலோடு தொடங்கிய பேச்சு நூலோடு நிற்குமா? மாமியார் சண்டை, மாப்பிள்ளைப் பேச்சு, யார் வீட்டில் எந்த மாதம் பிள்ளைப்பேறு என்பதுவரை எல்லாம் கைக்கு வந்து சேர்ந்தன. ஒரு தறியும் நிற்காமல் ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள்.

அந்தத் தெருவில்தான் மர்சூக்கின் தங்கை கைறுன்னிஸா, காது கேளாமலே பிறந்தாள். மூன்று வயதுவரை பலருக்கு அது தெரியவே தெரியாது. பெண்கள் கையால் கேட்டார்கள், பிள்ளை கையால் பதில் சொன்னது, தறிக்காரி மகள் வேறு எப்படிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பின்னால் தெரிந்தபோது, ஊர் வழக்கப்படி ஊமை என்று பெயர் வைத்தார்கள். நாள் முழுக்க அவளோடு பேசிக்கொண்டே அவளை ஊமை என்று சொன்ன அந்த வாய்களை என்னவென்று சொல்வது!

நபீஸாவுக்கும் கைறுன்னிஸாவுக்கும் ஒரே வயது, வேலிக்கு வேலி வீடு. ஏழு வயதில் நபீஸாவைப் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கைறுன்னிஸாவை யாரும் சேர்க்கவில்லை. அவள் பாட்டுக்கு நபீஸாவின் பின்னால் போய், முதல் வரிசை வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்து ஆசிரியை மேவிஸ், மட்டக்களப்பு டவுனிலிருந்து மாட்டுவண்டியில் வந்துபோகும் பறங்கிப் பெண். பெயர் கூப்பிடும் இடாப்பில் இல்லாத ஒரு தலை கூடுதலாக இருப்பதைக் கண்டு யாரென்று கேட்டார். அது ஊமை டீச்சர், சும்மா வந்திருக்கு, என்று பிள்ளைகள் சொன்னார்கள். மேவிஸ் டீச்சர் இரண்டு நாள் கவனித்தார். பிள்ளைகள் வாயால் பாடத்தை ஒப்புவிப்பதையும், அதே நேரம் வாங்குக்குக் கீழே கையால் கைறுன்னிஸாவிடம் வேறு கதை பேசிச் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கைறுன்னிஸாவின் பெயரை இடாப்பில் எழுதிவிட்டு வகுப்புக்கு ஒரு சட்டம் போட்டார்.

"இந்த வகுப்பில வாயால சொல்லுற எல்லாம் கையாலயும் சொல்லோணும். நான் சொல்லுறதும்தான். எனக்குத் தெரியாது, நபீஸா சொல்லுவா."

தெரு திடுக்கிட்டுப் போனது. எழுத்துப் படிக்க அனுப்பினால் தறிக்கொட்டில் சேட்டையை அங்கேயும் பழக்குகிறாளே என்று தாய்மார் கோபப்பட்டார்கள். மேவிஸ் டீச்சர் அசையவில்லை. ஒரு வருஷத்தில் அந்த வகுப்பே வாயும் கையும் சேர்ந்துதான் பேசியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் ஒரு பெயர் வந்தது. உதட்டுக்குக் கீழே நாடியில் இருக்கும் மச்சத்தைத் தொட்டால் நபீஸா. கைறுன்னிஸா எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதி, பிறகு சொல்லாக்கி, பிறகு வசனமாக்கினாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். நபீஸாவின் கோழிக்கிறுக்கலுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் நபீஸாவுக்கே சிரிப்பு வரும்.

நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடப் பரிசோதகர் வந்தார். வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையும் போட்ட பெரிய மனிதர். வகுப்புக்குள் காலை வைத்து, கங்கை எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டதும், முப்பது பிள்ளைகளும் எழுந்து முப்பது சோடிக் கைகளையும் ஆட்டிக்கொண்டு பதில் சொன்னார்கள். மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார். காரணத்தை மேவிஸ் டீச்சர் சொன்னதும் முகத்தைச் சுளித்து, செவிட்டுப் பிள்ளை எதையாவது எழுதட்டும் பார்க்கலாம் என்றார். கைறுன்னிஸா கரும்பலகைக்குப் போய்ச் சோக்கட்டியோடு நின்றாள். பரிசோதகர் சொல்வதைக் கையால் சொல்ல நபீஸா எதிரே நின்றாள். அவரோ மேவிஸ் டீச்சரின் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "இது குரங்கு வேலை" என்றார்.

சட்டம் சட்டம்தானே. வாயால் சொன்ன எல்லாம் கையாலும் சொல்ல வேண்டும். நபீஸா கொஞ்சமும் யோசிக்காமல் விலாவைச் சொறிந்து குரங்கைக் காட்டி, வேலையையும் காட்டினாள். கைறுன்னிஸா திரும்பிக் கரும்பலகையில் அழகாக, பெரிய எழுத்தில், "இது குரங்கு வேலை" என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தாள்.

மேவிஸ் டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பரிசோதகர் பலகையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், யார் இதைச் சொல்லச் சொன்னது என்று நபீஸாவைக் கேட்டார். "நீங்க சொன்னததான் ஐயா நான் சொன்ன" என்றாள் அவள். பத்தரை வயதுப் பிள்ளை. மனிதர் பலகையை இன்னொரு தரம் வாசித்துவிட்டு, பதிவுப் புத்தகத்தை வாங்கி, இந்தப் பிள்ளை தொடர்ந்து படிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறினார். பொய் சொல்லத் தெரியாதவள் என்ற பெயர் நபீஸாவுக்கு அன்றைக்கு வந்தது.

பன்னிரண்டு வயதில் நபீஸா பெரியபிள்ளையானாள். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. வாங்கில் இருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக நின்று, தறியில் எழுத்தையும் மறந்துபோனார்கள். கைறுன்னிஸாவின் சிலேட்டைப் பார்த்துப் பார்த்து நபீஸாவுக்கு மட்டும் அது மறக்கவில்லை. கைறுன்னிஸாவும்தான் பெரியபிள்ளையானாள். ஆனால் அவளை மறித்து வீட்டில் வைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, காக்கா மர்சூக்குக்குத் தறியே உலகம். ஊமையை யார் கட்டப்போகிறான், போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் அந்தத் தெருவிலேயே எட்டாம் வகுப்புவரை படித்தவள் காது கேளாத கைறுன்னிஸா ஒருத்திதான்.

அதற்குப் பிறகும் அவள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. மேவிஸ் டீச்சர் அக்கம்பக்கத்து ஊர்களில் விசாரித்து, காது கேளாத மூன்று பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். ஏறாவூர் றஸீனா சொந்தக்காரர் வீட்டில் தங்கி வந்தாள். ஆரையம்பதிப் பூரணமும், ஸாலிஹா என்ற உள்ளூர்ச் சிறுமியும் நடந்து வந்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் அவர்களைக் கடைசி வாங்கில் வைத்து, கையால் பாடம் சொல்லி, சிலேட்டில் எழுதப் பழக்கியது கைறுன்னிஸா. சிலேட்டை அவள் கக்கத்தைவிட்டு இறக்கியதே இல்லை.

நபீஸா இதையெல்லாம் மர்சூக்கின் கொட்டிலில், ஆறாவது தறியில் இருந்துகொண்டு பார்த்தாள். காலையில் கைறுன்னிஸா சிலேட்டோடு போவாள், பின்னேரம் வருவாள். காது கேட்ட எனக்குத் தறிக்குழி, கேளாதவளுக்குப் பள்ளிக்கூடமா என்று நபீஸாவின் வயிறு எரிந்தது. இந்த எரிச்சலை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை, கேட்டிருந்தால் ஒருவேளை உள்ளதைச் சொல்லியிருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷக் கடைசியில் கைறுன்னிஸாவுக்கு மாப்பிள்ளை வந்தது. ஏறாவூரில் துணிக்கடை வைத்திருந்த சாலிஹ், மனைவியை இழந்தவன், நாற்பது வயது. மர்சூக்கின் கொட்டிலில் நெய்கிற சாரம் முழுவதையும் வாங்குகிறவன். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பான். கைறுன்னிஸாவின் பெயரில் கல்வீடு இருந்தது. சாலிஹ் கெட்டவனென்று யாரும் சொன்னதில்லை. ஆனால் முதல் நாளே ஒரு விஷயத்தை வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிட்டான், தன்னுடைய பெண்சாதி பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை என்று. மர்சூக்கும் சரியென்றுவிட்டான். மேவிஸ் டீச்சர் கிறிஸ்தவர்களின் நத்தார் விடுமுறையில் ஊருக்குள் வராத கிழமையாகப் பார்த்து, நிக்காஹ் முடித்துவைக்கும் காவினுக்கு நாள் வைத்தான்.

காவினுக்கு முதல் நாள் பின்னேரம் வாவிக்கரையில் சாயம் போட்ட நூலை விரித்துக்கொண்டிருந்த நபீஸாவிடம் கைறுன்னிஸா வந்தாள். கையில் சுற்றிவளைத்துப் பேச அவளுக்குத் தெரியாது. நான் போனால் கடைசி வாங்கு போய்விடும், அந்த மூன்று பிள்ளைகளும் வீட்டு மூலைக்குப் போய்விடுவார்கள், என்றாள். நாளைக்குக் கேட்பார்கள். நான் என்ன சொல்கிறேனோ அதை அப்படியே சொல். பிறகு விலாவைச் சொறிந்து குரங்கைக் காட்டினாள். குரங்கைச் சொன்னவளாச்சே நீ, இதைச் சொல்ல மாட்டாயா? நபீஸா சிரித்து, சொல்கிறேன் என்று கையைத் தந்தாள். அந்த நேரம் அவள் அதை மெய்யாகத்தான் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மர்சூக் வாசலில் நின்றான். அவன் குரலை உயர்த்தவுமில்லை, மிரட்டவுமில்லை.

"அவ கையால என்னத்தக் காட்டினாலும் நீ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு புள்ள. நான் மௌத்தாப் போனா அவளப் பாக்க ஆரு இரிக்கா? எல்லாரும் புள்ள குட்டியோட இரிக்கக்குள்ள அவ மட்டும் சிலேட்டத் தூக்கிக்கிட்டுத் திரியிறதா?"

ஆறாவது தறியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஆனால் நபீஸாவை அன்றிரவு புரட்டி எடுத்தது தறியல்ல, அந்தச் சிலேட்டுப் பேச்சுத்தான். எல்லோரையும்போல அவளும் இருந்தால் என்ன? எனக்குக் கிடைக்காதது அவளுக்கு மட்டும் ஏன்? நல்லதுதானே செய்யப்போகிறேன் என்று விடியும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் கைறுன்னிஸாவின் கல்வீட்டு நடுவறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது, எல்லோரும் தறிக்காரிகள். மருதாணிக் கையோடு கைறுன்னிஸா பாயில் இருந்தாள். வாசலில் வெள்ளைத் துணித் திரை. திரைக்கு அப்பால் காவின் எழுதும் இப்றாஹிம் லெப்பையும், பெண்ணின் பொறுப்பாளனாக, வலியாக நின்ற மர்சூக்கும், இரண்டு சாட்சிகளும். அவர்களுக்குப் பின்னால் பந்தலில் மாப்பிள்ளையும் ஆட்களும்.

கன்னிப்பெண் பேசாமலிருந்தாலே சம்மதம்தானே, கேட்டு என்ன ஆகப்போகிறது, காவினை முடிப்போம் என்று மர்சூக் அவசரப்படுத்தினான். இப்றாஹிம் லெப்பை ஒரு கண்டிப்பான மனிதர்.

"கேட்டுப்போட்டு மௌனமா இரிந்தாத்தான் சம்மதம். இவக்குக் கேள்வியே போய்ச் சேரல்லயே" என்றார். "வாய் பேசாத ஆளுட கைச்சாடை பேச்சுக்குச் சமன். அவட சாடை தெரிஞ்ச, நம்பிக்கையான பொம்புள ஒருத்தி கேட்டுச் சொல்லட்டும்."

நம்பிக்கையான பெண் யார் என்று தெருவில் கேட்டால் வேறு எந்தப் பெயர் வரும்? நபீஸாவைத் திரை ஓரமாக உட்கார வைத்தார்கள். லெப்பை கேட்டதை அவள் கையால் கேட்டாள். ஏறாவூர்ச் சாலிஹை உனக்குக் கணவனாக ஏற்கச் சம்மதமா?

கைறுன்னிஸா திரையைச் சுட்டிக் காட்டினாள். பிறகு நெஞ்சிலிருந்து புறங்கையால் தள்ளினாள். பிழைத்த சாரம். இது வேண்டாம், எடுத்துக்கொண்டு போ. ஒரு தரமல்ல, மூன்று தரம், பெரிதாக, அறை முழுக்கத் தெரியும்படி.

அந்தத் தெருவில் இதைப் புரியாத பெண் கிடையாது. நபீஸா சுற்றிப் பார்த்தாள். நாற்பது முகமும் அதைக் கண்டிருந்தன. ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். மர்சூக்கின் மனைவி சுவரைப் பார்த்தாள். திரைக்கு அப்பால் இருந்த ஆண்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொல்லுறா?" என்றார் லெப்பை.

நபீஸா தன் இரண்டு கைகளையும் மடியில் முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். "ஓம் லெப்ப. சம்மதமாம்."

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பொய் என்பது தன்னால் முடியாத ஏதோ பெரிய காரியம் என்று நினைத்திருந்தாள். யாராவது ஒருத்தி இப்போது எழுந்து, ஏய், என்று கேட்பாள் என்று காத்திருந்தாள். ஒருத்தியும் கேட்கவில்லை. மூலையிலிருந்து ஒரு குரவை எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு நாற்பது பேரும் குரவை போட்டார்கள். குரவை போட்ட ஒவ்வொருத்தியும் அந்தக் கையைப் பார்த்தவள்.

கைறுன்னிஸாவுக்குக் குரவை கேட்காது. ஆனால் வாய்கள் திறந்ததும் நாக்குகள் ஆடியதும் தெரிந்தன. எதற்குக் குரவை போடுவார்கள் என்பதும் தெரியும். அவள் நபீஸாவைப் பார்த்தாள், முந்தானைக்குள் புதைந்திருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

மணப்பெண் காவின் நேரத்தில் பாயைவிட்டு எழுவதை யாரும் கண்டதில்லை. குரவை பாதியில் நின்றது. அவள் மாடத்தில் இருந்த சிலேட்டை எடுத்து, நின்றபடியே எழுதினாள். நேராகத் திரைக்குப் போய்க் குனிந்து, மருதாணிக் கை வெளியே தெரியச் சிலேட்டை அடியால் தள்ளிவிட்டாள். அப்பால் ஆண்கள் அவசரமாகப் பின்வாங்கிய சத்தம் கேட்டது.

லெப்பை சிலேட்டை எடுத்தார். மார்க்கக் கிதாபெல்லாம் அவர் வாசித்தது அறபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழில். தமிழ் எழுத்து அவருக்குப் பிடிபடாது. மர்சூக்குக்கு எந்த எழுத்தும் பிடிபடாது. சாட்சிகள் இருவரும் பள்ளிக்கூடம் பாராத நெசவாளிகள். பந்தலில் படித்த ஆள் யாராவது இருப்பான், கொடுத்துப் பார்ப்போமா என்று ஒரு சாட்சி கேட்டார். பெண்ணுடைய பேச்சு பெண்ணுடைய பக்கமிருந்துதான் வரவேண்டும் என்று லெப்பை மறுத்துவிட்டார்.

"உள்ளுக்கு இத வாசிக்கத் தெரிஞ்சவ ஆரு இரிக்கா?"

யாரோ சொன்னார்கள், நபீஸாதான் என்று. சிலேட்டு திரைக்கு அடியால் திரும்பி வந்து அவளுடைய மடியில் ஏறியது.

முத்து முத்தான எழுத்து. மூன்றே வரி.

எனக்குச் சம்மதமில்லை.
நபீஸா பொய் சொன்னாள்.
கைறுன்னிஸா.

நபீஸாவின் கண் இரண்டாம் வரியில் நின்றுவிட்டது. தன் பெயரை யாரும் எழுதி அவள் அதற்குமுன் பார்த்தது இடாப்பில்தான். இப்போது அது இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. திரைக்கு அப்பாலிருந்து மர்சூக்கின் குரல் வந்தது, அவளுக்கு வழிகாட்டுவதுபோல.

"வாசி புள்ள. துஆக் கேட்டு எழுதியிரிப்பா."

எவ்வளவு லேசான வழி! ஓம், தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்லித் துஆத்தான் கேட்டிருக்கிறாள் என்றால் முடிந்தது. அந்த அறையில் வாசிக்கத் தெரிந்த இன்னொருத்திக்குப் பேச்சுக் கேட்காது. பார்த்த நாற்பது பேரும் வாய் திறக்கப்போவதில்லை, அது இப்போதே தெரிந்துபோயிற்று. நபீஸா தலையை நிமிர்த்தினாள். கைறுன்னிஸா எதிரே நின்றாள். அவள் நபீஸாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கெஞ்சவுமில்லை. மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைகள் அசையுமா, அசையாதா என்பதைத் தவிர அவளுக்குத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

வாயால் சொல்கிற எல்லாம் கையாலும் சொல்ல வேண்டும். நபீஸா சிலேட்டைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். வாயால் உரக்க வாசித்துக்கொண்டே கையாலும் சொன்னாள். சம்மதமில்லை என்று புறங்கையால் தள்ளினாள். பிறகு தன் நாடி மச்சத்தைத் தொட்டாள். தொட்ட விரலை உதட்டுக்குக் கொண்டுபோய்க் கோணலாகத் திருப்பினாள். நபீஸா பொய் சொன்னாள். தன் கையாலேயே தன்னைக் காட்டிச் சொன்னாள்.

"ரெண்டு சொல்லு வந்திரிக்கி" என்றார் லெப்பை. "மெய் எது?"

"சிலேட்டுல இரிக்கிறதுதான் லெப்ப. முந்தி நான் சொன்னது பொய்."

லெப்பை கிதாபை மூடினார். காவின் இல்லை என்று மர்சூக்கிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளையும் வண்டி கட்டச் சொன்னான். ஆக்கிய சோறு வீணாகுமா? வந்தவர்கள் கூட்டாகச் சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஆறாவது தறி மறுநாளே வேறொருத்திக்குப் போனது. அதை நபீஸா எதிர்பார்த்திருந்தாள். அவள் எதிர்பாராதது வேறு. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை வேலியோரம் நின்று, சிலேட்டோடு போன கைறுன்னிஸாவைக் கையால் கூப்பிட்டாள். கைறுன்னிஸா நின்றாள். நபீஸா கையை எடுத்துப் பேசத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையால் கேட்கிறவள் கண்ணைத் திருப்பிவிட்டால் அவளிடம் பேச உலகத்தில் வழியே இல்லை. நபீஸா அவளுடைய முகம் போன பக்கமெல்லாம் போய் நின்று கையை ஆட்டினாள். கைறுன்னிஸா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்படி எட்டு வருஷம். கடைசி வாங்கில் மூன்று பிள்ளைகள் ஐந்தாகி, ஐந்து எட்டானது. உலகச் சண்டை வந்தது, நூல் தட்டுப்பாடு வந்தது, மேவிஸ் டீச்சர் வேலையிலிருந்து இளைப்பாறிப் போனார். நபீஸா வீட்டில் ஒற்றைத் தறி போட்டு நெய்தாள். ஒரு மீன் வியாபாரியைக் கட்டி இரண்டு பிள்ளை பெற்றாள். தெருப் பெண்கள் அவளோடு பேசினார்கள், சிரித்தார்கள். ஆனால் தகராறு வந்தால் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பொய்க்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களில் அன்று குரவையைத் தொடங்கி வைத்தவளும் ஒருத்தி. அதைக் கேள்விப்பட்ட அன்று நபீஸாவுக்கு அழுகையைவிடத் திகைப்புத்தான் அதிகமாக இருந்தது.

நாற்பத்துநாலாம் வருஷம் ஒரு காலையில் தறிச் சத்தத்துக்கிடையே வாசலில் நிழல் தட்டியது. நபீஸா நிமிர்ந்தாள். கைறுன்னிஸா நின்றாள். கக்கத்தில் சிலேட்டு. நபீஸா நாடாவைக் கீழே வைத்தாள். கைறுன்னிஸா உள்ளே வந்து சிலேட்டைத் தறியின் மேல், பாதி நெய்த சாரத்தின் மேல் வைத்தாள். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: கடைசி வாங்கு றஸீனாவுக்கு இன்றைக்குக் காவின். ஏறாவூர் லெப்பை நம்பிக்கையான ஒரு பெண்ணைக் கேட்கிறார். வண்டி தெருமுனையில் நிற்கிறது, வா.

நபீஸா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு, பார்க்க மாட்டாள் என்று தெரிந்தும், பழக்கத்தில் கையை எடுத்தாள். என்னையா? தெரு நிறையப் பெண்கள் இருக்கிறார்களே. சாடை தெரிந்த பெண்கள், ஒரு நாளும் பொய்க்காரி என்று பெயரெடுக்காத பெண்கள். நான் உனக்குச் செய்ததற்குப் பிறகு ஏன் என்னை?

கைறுன்னிஸா முகத்தைத் திருப்பவில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு, அந்தக் கைகள் பேசி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுச் சிலேட்டை முந்தானையால் துடைத்து, குனிந்து, ஆற அமர எழுதினாள்.

"பொய் சொல்லி அகப்பட்டவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் இன்னும் அகப்படவில்லை."